செப்பரேட் என்ற சொல்லும் நான் சொன்ன பொய்யும்

பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ டியூட்டி முடிந்து வந்து குளிக்கப் போன நேரம், உன் கொப்பி சாப்பாட்டு மேசையில் திறந்தபடி கிடந்தது. கேட்காமல் பார்த்தது பிழைதான். தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் ஒதுக்கப் போனபோது கண்ணில் பட்டது. பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை. வெளிநாட்டில் தாதி வேலைக்குப் போவதற்காக நீ எழுதப் போகிற ஆங்கிலச் சோதினைக்கு எழுதிப் பழகிய கட்டுரைகள் அவை. தொற்று நோய் உள்ளவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை. அந்த இடத்தில் யாருக்கும் முதலில் வருகிற சொல் ஒன்று இருக்கிறது, செப்பரேட். நீ அதை எழுதவில்லை. ஓரிடத்தில் சேர்ந்து இருக்காமல் என்று சுற்றி வளைத்திருந்தாய். இன்னோரிடத்தில் வேறு அறை என்று எழுதித் தப்பியிருந்தாய். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு தடவை எழுதப் பார்த்திருக்கிறாய். நடுவில் ஈ போட்டு, அதை வெட்டி மேலே ஏ எழுதி, அதையும் வெட்டித் திரும்ப ஈ எழுதி, கடைசியில் சொல் முழுவதையும் கடதாசி கிழியும் அளவுக்கு அடித்து விட்டிருந்தாய்.

இரண்டு தடவை அந்தச் சோதினையின் எழுத்துப் பகுதியில் மட்டும் தவறினாய். அது ஒரு எழுத்தால் வந்த தோல்வி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சொல்லின் முன்னால் உன் கை அப்படித் தடுமாறுவதற்கு யார் காரணம் என்பதும் எனக்குத் தெரியும். பதினாலு வருடமாகத் தெரியும். நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, "என்னப்பா, பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டாய். "ஒண்டுமில்லை பிள்ளை" என்று சொன்னேன். நான் உனக்குச் சொன்ன கடைசிப் பொய் அதுவாக இருக்கட்டும்.

முதலில் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லி விடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு. எஸ், ஈ, பி, ஏ, ஆர், ஏ, ரி, ஈ. நடுவில் வருவது ஏ. இரண்டு ஏயும் உள்ளே இருக்கும், இரண்டு ஈயும் வெளியே இருக்கும். சொல்லும்போது நடு எழுத்து வாய்க்குள் அமுங்கிப் போகிறபடியால் காதுக்கு ஈ மாதிரித்தான் கேட்கும். அதனால்தான் படித்தவர்களும் அதில் பிழை விடுகிறார்கள். லத்தீனில் ஆயத்தப்படுத்துவதைக் குறிக்கும் சொல் ஒன்று இருக்கிறதாம். ஆயத்தம் செய்வதற்கு நாங்கள் சொல்கிற பிரிப்பேர் என்ற சொல்லும் அதிலிருந்துதான் வந்தது. பிரிப்பேரில் உள்ள அதே ஏதான் இங்கேயும் இருக்கிறது. பொருள் இரண்டு. செய்கையாகச் சொன்னால் பிரிப்பது, சேர்ந்திருந்ததை விலக்கி வைப்பது. அப்போது கடைசியை நீட்டி, செப்பரேட் என்று சொல்ல வேண்டும். புருஷனும் பெண்சாதியும் விவாகரத்து எடுக்காமல் பிரிந்து வாழ்வதையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். ஒரு பொருளின் தன்மையாகச் சொன்னால் தனியான, வேறான என்று பொருள். அப்போது கடைசி குறுகி, செப்ரட் என்று வரும். எழுத்து மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். இவ்வளவையும் நான் ஒரே நாளில், ஒரே பக்கத்தில் வாசித்தேன். எந்த நாள் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. சண்டை முடிந்து கொஞ்சக் காலம். உள்துறைமுகத்துப் பக்கம் அந்தச் சின்னக் கப்பல் முகவர் கந்தோரில் நான் பத்தொன்பது வருடமாகக் கிளாக்கராக இருந்தேன். சீமெந்துக் கப்பல், கோதுமைக் கப்பல் எது வந்தாலும் அதற்கான கடிதங்களை அடிப்பது நான்தான். எங்கள் கந்தோருக்கு எல்லாமே பிந்தித்தான் வரும். மற்ற இடங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் நான் ரைப்ரைட்டரில்தான் தட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊர் கப்பல்துறையிலிருந்து நான் பஸ்சில் ஏறினால் இடம் தந்து, "ஐயா, இந்த இங்கிலீசுக் கடுதாசியை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். பென்சன் கடிதம், காணிக் கடிதம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற கடிதம் எல்லாம் நம் வீட்டு வாசலுக்கு வரும். நான் பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரச் சோதினை வரைதான் படித்தவன். என் இங்கிலீசு கந்தோரில் பழைய கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பொறுக்கிய இங்கிலீசு. அந்தப் பயம் எனக்குள் எப்போதும் இருந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு பின்னேரம் கந்தோர்க் கடிதத்தின் கார்பன் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். நீ என் பக்கத்தில் கதிரையில் முழங்காலைப் போட்டு நின்று அதை வாசித்தாய். எங்கள் கடிதங்களில் அடிக்கடி வருகிற வசனம் ஒன்று அதிலும் இருந்தது. பத்திரங்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறோம் என்ற வசனம். அந்தத் தனி என்பதற்குத்தான் இந்தச் சொல்.

"அப்பா, இதில ஒரு எழுத்துப் பிழை. நடுவில ஏ வரவேணும்."

"என்ன பிழை? பத்தொன்பது வருஷமா அடிக்கிறன். கொழும்புக்குப் போகுது, சிங்கப்பூருக்குப் போகுது. ஒருத்தரும் பிழை எண்டு சொல்லேல்ல."

"இல்லையப்பா. பள்ளிக்கூட லைப்ரரியில டிக்சனரி பாத்தனான்."

நீ அதை மெல்லிய குரலில்தான் சொன்னாய். திமிர் ஏதும் இருக்கவில்லை. ஆனால் முன் விறாந்தையில் ஒரு கடிதம் வாசிப்பிக்க வந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. உன் கையில் இருந்த கடிதத்தைப் பறித்தேன். புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, முதல் வரியில் அந்தச் சொல்லை என் கையால் எழுதினேன். நடுவில் ஈ போட்டு எழுதினேன். "நூறு தரம் எழுதிக் கொண்டு வா. எழுதினால்தான் சாப்பாடு" என்றேன். நீ எழுதினாய். நூறையும் எழுதி, வரிக்கு வரி இலக்கமும் போட்டுக் கொண்டு வந்து தந்தாய். கண்ணீர் விழுந்த இடத்தில் மை பரவியிருந்தது. நான் எண்ணிப் பார்த்து, கீழே கையெழுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் மனேஜரின் அறைக்குள் ஒரு கோப்பு எடுக்கப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். மேசையில் தடித்த டிக்சனரி ஒன்று எப்போதும் கிடக்கும். அவர் அதைக் கடதாசி பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்துப் பாவித்தாரே தவிர, திறந்து பார்த்து நான் கண்டதில்லை. ஏன் திறந்தேன் என்று கேட்டால், உனக்குக் காட்டத்தான் திறந்தேன். பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய் உன் முன்னால் போடலாம் என்று நினைத்தேன். நான் எழுதுகிற மாதிரி அந்தச் சொல்லைத் தேடினேன். இருக்கவில்லை. அச்சில் விட்டுப் போய்விட்டது என்று கூட நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு. பிறகு அதற்கு முந்தின வரிசையில் ஏயோடு அது இருந்தது. எழுத்து, உச்சரிப்பு, இரண்டு பொருள், வேர்ச்சொல், எல்லாம். மேலே நான் சொன்னது அவ்வளவும் அந்தப் பக்கத்தில் இருந்தவைதான். நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன். காது சூடாகிவிட்டது. யாரும் கண்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் ஒருவரும் இல்லை.

பிள்ளை, அந்த நேரத்தில் நான் நேரே வீட்டுக்கு வந்து, "நீ சொன்னதுதான் சரி, அப்பா பிழை" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. பஸ்சில் வரும்போது சொல்லத்தான் நினைத்தேன். சீனக்குடா தாண்டும் வரைக்கும் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் நீ ரியூசனுக்குப் போயிருந்தாய். உன் மேசையில் அந்தக் கொப்பி இருந்தது. நூறு வரி பிழை, கீழே என் கையெழுத்து. அதை எடுத்து என் கந்தோர்ப் பைக்குள் வைத்தேன். அடுத்த நாள் காலை பட்டணத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். வழக்கமாக அங்கே திரிகிற மான்களில் ஒன்று வந்து ஒரு தாளை இழுத்துச் சப்பத் தொடங்கியது. அது தின்று முடிக்கட்டும் என்று காத்து நின்றேன். அப்படியான மனிதனாகத்தான் நான் அன்றைக்கு இருந்தேன்.

நீ அந்தக் கொப்பியைத் தேடினாய். அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே எல்லாம் பார்த்தாய். "அப்பா, கண்டனீங்களோ?" என்று என்னிடமும் கேட்டாய். நான் காணவில்லை என்றேன்.

பிறகுதான் அந்த எழுத்துக் கூட்டும் போட்டி வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு இடையில் நடந்த போட்டி. உன் பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைத்தான் தெரிவு செய்தார்கள். ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர் வீட்டுக்கு வந்து, "இந்தப் பிள்ளை முதலாமிடம் எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்காக உனக்குப் புதுச் சட்டை தைத்தார். போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாய்.

"அப்பா, அந்தச் சொல்லு... நடுவில ஈ தானே?"

அம்மா குசினிக்குள் நின்றார், நீ மெல்லக் கேட்டது அவர் காதில் விழவில்லை. அவருக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அன்றைக்கு உன்னைச் சாப்பிட விடாமல் எழுத வைத்தது எதற்கு என்று தெரியும். அதற்காக என்னோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தவர். இப்போது நான் ஏ என்று சொன்னால் நீ ஓடிப்போய் அவரிடம் சொல்வாய், பிறகு ஏன் பிள்ளையை அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார். ஆயிரக்கணக்கான சொற்கள் இருக்கின்றன, இதையா கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஓம்" என்றேன்.

நீ இன்னும் கொஞ்ச நேரம் நின்றாய். நான் சப்பாத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ போய்விட்டாய்.

போட்டிக்கு எங்கள் மனேஜரும் வந்திருந்தார். கிண்ணம் வாங்கக் கந்தோரிலிருந்து உதவி செய்திருந்தபடியால் அவரை அழைத்திருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் எனக்கு இடம் தந்தார்கள். நீ ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி ஏறிக்கொண்டு போனாய். நான் கேள்விகூடப் படாத சொற்களையெல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னாய். கடைசியில் நீயும் இன்னொரு பள்ளிக்கூடத்துப் பெடியனும் மிஞ்சினீர்கள். அவன் ஒரு சொல்லில் தடுக்கினான். உனக்குரியதைச் சரியாகச் சொன்னால் கிண்ணம் உனக்கு. நடுவர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்து கடதாசியைப் பார்த்து வாசித்தார். செப்பரேட். விளங்குவதற்கு ஒரு வசனமும் சொன்னார்.

நீ என்னைப் பார்த்தாய். சபையில் வேறு யாரையும் பார்க்கவில்லை. தலையை ஒரு தடவை இடம் வலமாக ஆட்டியிருந்தால் உனக்கு விளங்கியிருக்கும். களவாகச் சொல்லிக் கொடுத்ததாக என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள், உன்னையும் விலக்கியிருப்பார்கள். அதனால்தான் ஆட்டவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. முதல் நாள் வீட்டில், வெளியாட்கள் யாரும் இல்லாத இடத்தில், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு இருந்தபோதே சொல்லாதவன் நான். நீ மைக்குக்கு நேரே திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல், எஸ், ஈ, பி, ஈ என்று சொன்னாய். நீ முடிக்கும் வரை பொறுத்திருந்து மணியை அடித்தார்கள். அடுத்து அந்தப் பெடியன் அதே சொல்லை ஏ போட்டுச் சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள்.

நீ கீழே இறங்கி எங்களிடம் வந்தாய். மனேஜர் உன் தோளில் தட்டி, "பரவாயில்லை மகள். பெரிய ஆக்களே விடுற பிழை" என்று சொன்னார். நல்ல மனிதர். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் ரீச்சர் நின்றார், இன்னும் நாலைந்து பெற்றோர் நின்றார்கள். எல்லாரும் இங்கிலீசுக் கிளாக்கரின் முகத்தைப் பார்ப்பது போல எனக்கு இருந்தது.

"இந்தச் சொல்லை வீட்டில எத்தினை தரம் சொல்லிக் குடுத்தனான்! கேட்டால்தானே" என்றேன்.

உன் கன்னம் இரண்டும் சிவந்தன. ரீச்சர் உன்னைப் பார்த்த பார்வை மாறியதை நான் கண்டேன். போகும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாய். கப்பல்துறையில் இறங்கும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

வீட்டில் அம்மா, "என்ன பிள்ளை, அப்பா சொல்லிக் குடுத்ததைப் பிழையாச் சொன்னியாமே?" என்று கேட்ட பிறகுதான் நீ வாய் திறந்தாய். "அப்பாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவர். நூறு தரம் எழுத வைச்சவர்" என்று சொல்லி அழுதாய். அம்மா என்னைப் பார்த்தார்.

"ஓமோ? நீங்களோ அப்பிடி எழுத வைச்சது?"

"நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தனான். தான் விட்ட பிழையை என்ர தலையில கட்டுறாள். கொப்பியைக் கொண்டு வரச் சொல்லும் பாப்பம்."

கொப்பி எங்கே என்று எனக்குத் தெரியும், பிள்ளை. தெரிந்துதான் கேட்டேன். நீ ஓடிப்போய்த் திரும்பவும் தேடினாய். வெறுங்கையோடு வந்து நின்றாய். அம்மா அதுவரை உன்னில் கை வைத்ததில்லை. அன்றைக்குத்தான், தகப்பன் மேல் பொய் சொன்னாய் என்று அகப்பைக் காம்பால் அடித்தார். நான் அங்கேயே கதிரையில் இருந்தேன். மூன்று அடி.

அதற்குப் பிறகு நீ ஒரு கொப்பியையும் என்னிடம் காட்டவில்லை. மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதும் இல்லை. கேட்டால் பதில் சொல்வாய், கூப்பிட்டால் வருவாய், அவ்வளவுதான். அடுத்த வருடம் ஆங்கிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்றாய். ரீச்சரும் வற்புறுத்தவில்லை. அவர் மனதில் நீ தகப்பன் மேல் பழி போடுகிற பிள்ளை. அந்தக் கதையை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான். சாதாரண தரத்தில் எல்லாப் பாடத்திலும் நல்ல பெறுபேறு வந்தது, ஆங்கிலத்தில் மட்டும் மட்டுமட்டாகத் தேறினாய். அதைப் பார்த்தபோது, உன் இங்கிலீசை நான்தான் கெடுத்தேன் என்று நினைக்கவில்லை. இனி அந்தக் கதை வெளியே வராது என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தது உண்மை.

கொஞ்சக் காலத்தில் எங்கள் கந்தோருக்கும் கம்ப்யூட்டர் வந்தது. முதல் கடிதத்திலேயே, பழக்கத்தில் நடுவில் ஈயைத் தட்டிவிட்டேன். சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. பிறகு நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். வேறு உறை என்று பொருள்பட வேறு சொல் போட்டு அடித்தேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். போன ஞாயிறு உன் கொப்பியைப் பார்த்தபோது நான் ஏன் கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன் என்று இப்போது உனக்கு விளங்கும். நீயும் அதையேதான் செய்துகொண்டிருந்தாய்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தையல் மெஷினில் இருந்தார். கால் நின்றது. நான் சொல்லி முடிக்கும் வரை துணியில் இருந்து தலையை எடுக்கவில்லை. மான் தின்றது வரைக்கும் சொன்னேன்.

"அப்ப பிள்ளை சொன்னது உண்மை" என்றார்.

"ஓம்."

"நான் அடிக்கேக்க நீங்கள் அதில இருந்தனீங்கள்."

"ஓம்."

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். பின்னாலே போனேன். "என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? என்னால அந்த அடியைத் திருப்பி எடுக்க ஏலுமோ? அவளிட்டச் சொல்லுங்கோ" என்றார். பிறகு முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். இப்போது எனக்குச் சாப்பாடு போட்டு வைக்கிறார், கதைப்பதில்லை. நியாயம்தான்.

இதைப் பேப்பருக்கும் அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் உன்னைப் பழித்துவிட்டு, மன்னிப்பை மட்டும் வீட்டுக்குள் வைத்து மெதுவாகக் கேட்பது சரியில்லை. ஆனால் நீ முதலில் வாசி. நீ ஓம் என்றால்தான் அனுப்புவேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். நீ போகிற ஆஸ்பத்திரியில் உனக்குக் கீழேயும் ஆட்கள் வேலை செய்வார்கள். உன்னிலும் இளையவள் ஒருத்தி வந்து, நீங்கள் எழுதின மருந்தளவு பிழை என்று சொன்னால், அவளைப் பார்க்காதே, எழுதியதைப் பார். பிழை என்றால் அந்த இடத்திலேயே, அவள் நிற்கும்போதே சொல்லிவிடு. முதல் நாள் அது ஒரு வசனம்தான், பிள்ளை. ஒரு கிழமை போனால் அதை மறைக்க ஒரு பொய் தேவைப்படும். பிறகு அந்தப் பொய்யை மறைக்க யாரையாவது அடிக்கக் கொடுக்க வேண்டி வரும். நான் கொடுத்தது உன்னை.

இவ்வளவையும் எழுதி புதன்கிழமை உன் ஆஸ்பத்திரி விடுதிக்கு நானே கொண்டுவந்து தந்தேன். நீ சீருடையோடு வந்து வாங்கினாய். "என்னப்பா இது?" என்றாய். "வாசி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ போன் எடுத்தாய். அதையும் இதோடு சேர்த்து எழுதச் சொன்னது நீதான். அதனால் நீ சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா, எனக்கு அண்டைக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏ தான் சரி எண்டு. முதலே டிக்சனரியில பாத்தனான் எண்டு சொன்னனான் தானே. நூறு தரம் எழுதினாலும் பாத்தது மறந்து போகுமோ?"

நீயே தொடர்ந்து சொன்னாய்.

"முதல் நாள் உங்களிட்ட வந்து கேட்டது ஏன் தெரியுமோ? நீங்கள் எங்கையாவது பாத்திருப்பியள், இப்ப 'இல்லைப் பிள்ளை, ஏ' எண்டு சொல்லுவியள் எண்டு. நீங்கள் ஓம் எண்டியள். அப்ப இவருக்கு உண்மையாவே தெரியாது எண்டு நினைச்சனான். மேடையில நிண்டு பாத்தால் மனேஜர் உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறார். நான் ஏ எண்டு சொல்லி அவையள் சரி எண்டு சொன்னால், உங்கட முகம் அந்த இடத்தில என்ன மாதிரி ஆகும் எண்டு யோசிச்சனான். அதுதான் ஈ எண்டு சொன்னனான்."

"பிள்ளை..."

"மணி அடிச்சாப் பிறகுதான் உங்களுக்குத் தெரிஞ்சது, வெக்கத்தில அப்பிடிச் சொல்லிப்போட்டியள் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான். வீட்டில அம்மாவிட்டையாவது உண்மையைச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். அதுவும் இல்லை. சரி, அப்பா பயந்திட்டார் எண்டு விட்டனான். ஆனா உங்களுக்கு முதலே தெரியும் எண்டு உங்கட கடிதத்திலதான் பாத்தனான்."

நான் போனைக் காதில் வைத்தபடி முற்றத்தில் நின்றேன். பதின்மூன்று வயதில் நீ கையில் இருந்த கிண்ணத்தை எனக்காக விட்டுக் கொடுத்திருக்கிறாய். அடுத்த நிமிடம் நான் உன்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு நாளும் ஒரு பிழையான எழுத்தை உன் தலையில் ஏற்றியதுதான் என் குற்றம் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவோ சின்னக் குற்றம். "அப்ப உன்ர கொப்பியில அப்பிடி வெட்டி வெட்டி எழுதியிருந்தது?" என்று கேட்டேன்.

"எழுத்துத் தெரியாமல் இல்லை. எழுதேக்க உங்கட முகம் வருது. அதுதான்."

பிறகு பேப்பருக்கு அனுப்பலாம் என்றாய். ஒருவருடைய பெயரும் வேண்டாம், அம்மா அடித்ததை மட்டும் எடுத்துவிடச் சொன்னாய். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், போனை என் கையிலிருந்து வாங்கி, "அதையும் போடட்டும். நான் செய்ததுதானே" என்று உன்னிடம் சொன்னார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு வெகு நேரம் கதைத்தீர்கள். என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் போன் திரும்ப என் கைக்கு வந்தபோது ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அப்பாவை மன்னிப்பியோ?" என்றேன்.

"இப்ப ஓம் எண்டு சொன்னால் அது பொய்யாப் போகும் அப்பா. கொஞ்சம் பொறுங்கோ" என்றாய். பிறகு, "கொழும்புக்குச் சோதினைக்கு அம்மா வரட்டும். நீங்கள் வராதேங்கோ. மண்டபத்துக்கு வெளியில நீங்கள் இருக்கிறியள் எண்டு தெரிஞ்சால் எனக்கு எழுத ஏலாது" என்றாய்.

சரி, பிள்ளை. திங்கட்கிழமை விடிய பஸ் நிலையத்துக்கு உங்கள் இரண்டு பேரோடும் வருவேன். பையை ஏற்றி, அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் இடம் பார்த்துக் கொடுப்பேன். பஸ் வெளிக்கிட முதலே இறங்கி வீட்டுக்குப் போய் விடுவேன்.

அப்பா